கம்பளத்தின் புடைப்பும் தொழிலாளியின் முழங்காலும்

செய்தித்தாளிலிருந்து இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைக் கத்தரித்து மேசைமேல் வையுங்கள். இரு முனைகளிலும் விரலை அழுத்திக்கொண்டு, ஒரு முனையை மற்றதை நோக்கி இரண்டே இரண்டு மில்லிமீட்டர் தள்ளுங்கள். காகிதத்தின் நடுப்பகுதி மேசையை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்பதைக் காண்பீர்கள். தள்ளியது மிகக் குறைவு. எழும்பியதோ மிக அதிகம். இது ஏன்?

இந்தச் சிறு கேள்வியே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல லட்சம் வீடுகளில் பெரிய தொல்லையாக உருவெடுத்தது. அந்நாடுகளில் அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை, தரை சிறிதும் தெரியாதபடி கம்பளம் பதிப்பது வழக்கம். பதித்த அன்று அது பலகைபோல் சமமாக இருக்கும். சில மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின், அறையின் நடுவே வரிவரியாக அலைகள் தோன்றும். பார்வைக்கு அழகு கெடும். முதியோர் கால் தடுக்கி விழுவர். புடைத்த இடத்தில் மட்டும் இழைகள் தேய்ந்து போகும். கம்பளம் ஏன் இப்படிப் புடைக்கிறது? அதை எவ்வாறு சரிசெய்வது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் கணிதம், நெசவு, வேதியியல் ஆகியவற்றின் வரலாற்றினூடே சென்று, இறுதியில் ஒரு தொழிலாளியின் முழங்காலில் வந்து நிற்கிறோம்.

பைத்தாகரஸ் கூறும் விடை

முதலில் கணக்கைப் பார்ப்போம். கம்பளத்தில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு புடைப்பு இருப்பதாகக் கொள்வோம். அதை ஒரு சிறு கூரையாகக் கருதுங்கள். கூரையின் அடி 30 செ.மீ. அதன் மேலுள்ள கம்பளத்தின் நீளம் 30.5 செ.மீ. அதாவது, அரை சென்டிமீட்டர்தான் கூடுதல். கூரையின் ஒவ்வொரு சரிவும் 15.25 செ.மீ.; அதன் அடிப்பாதி 15 செ.மீ. பைத்தாகரஸ் தேற்றத்தின்படி உயரத்தின் வர்க்கம் 15.25-இன் வர்க்கத்திலிருந்து 15-இன் வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பது. 232.5625-இலிருந்து 225 போக எஞ்சுவது 7.5625. இதன் வர்க்கமூலம் 2.75. ஆக, அரை சென்டிமீட்டர் நீளக் கூடுதல் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் உயரமுள்ள மேட்டை எழுப்பிவிடுகிறது! உண்மையான புடைப்பு கூரைபோல் கூராக இராமல் வளைந்திருக்கும். ஆகவே உயரம் சற்றுக் குறைந்து ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டராக இருக்கும். கருத்து மாறவில்லை.

இக்கணக்கிலிருந்து மற்றொன்றும் தெரிகிறது. உயரம், கூடுதல் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறுகிறது. எனவே, கூடுதல் நீளத்தில் முக்கால் பங்கை நீக்கிவிட்டாலும் புடைப்பின் உயரம் பாதியாகத்தான் குறையும். அரைகுறையாக இழுத்துச் சரிசெய்த கம்பளம் ஏன் இன்னும் மேடாகவே தோன்றுகிறது என்பதற்கு இதுவே காரணம். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

தூணும் கம்பளமும்

நீளம் கூடினால் கம்பளம் ஏன் நெருங்கிக்கொள்ளாமல் மேலே எழும்ப வேண்டும்? இக்கேள்வியின் வேர் 18-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரைச் சேர்ந்த பௌதிகப் பேராசிரியர் முஷென்புரூக், மெல்லிய மரக்கழிகளை நிறுத்தி, மேலிருந்து அமுக்கிச் சோதித்து, முடிவுகளை 1729-இல் வெளியிட்டார். ஒரே பருமனுள்ள கழிகளில் நீளத்தை இரட்டித்தால், கழி வளைந்துவிடுவதற்குத் தேவையான பளு நான்கில் ஒன்றாகக் குறைவதை அவர் கண்டார். பின்னர் 1744-இல், சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் இதற்குரிய சூத்திரத்தைக் கணிதமுறையில் வருவித்தார். 1757-இல் தூண்களின் வலிமை பற்றி மீண்டும் எழுதினார்.

ஆய்லரின் கருத்து இதுதான்: அமுக்கப்படும் மெல்லிய பொருளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உள்ளுக்குள் நெருங்கிச் சுருங்குவது. மற்றது, பக்கவாட்டில் வளைந்துவிடுவது. பொருள் தடித்துக் குட்டையாக இருந்தால் சுருங்குவது எளிது. மெலிந்து நீண்டிருந்தால் வளைவதே எளிது. தரையில் கிடக்கும் கம்பளம், அதன் நீளத்தோடு ஒப்பிட்டால், மிகமிக மெலிந்த பொருள். அதன் எடையும் தரையின் உராய்வும் மட்டுமே அதை ஓரளவு பிடித்து வைத்திருக்கின்றன. அமுக்கவிசை சிறிது கூடினாலும் அது எழும்பிவிடும். மேலே எழும்ப இடம் உண்டு. கீழே தரை தடுக்கிறது. ஆகவே புடைப்பு எப்போதும் மேல்நோக்கியே அமைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் விரிக்கும் ஜமக்காளம் ஈரத்தால் சிறிது நீண்டாலும் புடைப்பதில்லை. அதன் ஓரங்கள் கட்டற்றவை. நீண்ட பகுதி வெளியே நகர்ந்துவிடும். நான்கு ஓரங்களும் பிடிக்கப்பட்ட கம்பளத்துக்கோ நகர இடமில்லை. ஓரங்களைக் கட்டுவதில்தான் தொல்லை பிறக்கிறது.

ஆணி அடித்த காலம்

சுவர்முதல் சுவர்வரை கம்பளம் பரப்பும் வழக்கம் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வசதியுள்ளோர் வீடுகளில் அது இருந்தது. அக்காலத்துக் கம்பளம் பெரும்பாலும் 27 அங்குல அகலமுள்ள நீண்ட பட்டைகளாகத் தறியில் நெய்யப்பட்டது. அப்பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, அறையின் அளவுக்கு வெட்டி, ஓரம் முழுவதும் சிறு ஆணிகளால் தரையில் அடித்துவிடுவர். அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ கம்பள நெசவுக்கு விசைத்தறியை உருவாக்கியபின், 1840-களிலிருந்து கம்பளத்தின் விலை குறைந்து நடுத்தர மக்களையும் எட்டியது.

ஆணி அடித்த கம்பளத்தில் சேரும் தூசியை எவ்வாறு அகற்றுவது? ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த காலத்தில், எல்லா ஆணிகளையும் பிடுங்கி, கம்பளத்தை வெளியே கொண்டுபோய்க் கயிற்றில் தொங்கவிட்டு, கோலால் அடித்துத் தூசியைப் போக்குவர். பின்னர் மீண்டும் உள்ளே கொண்டுவந்து, இழுத்து, ஆணி அடிப்பர். வீட்டுப் பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் முதுகு ஒடியும் வேலை அது. ஆனால் அதனால் ஒரு நன்மையும் இருந்தது. ஓராண்டில் கம்பளம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும், ஆண்டுதோறும் மறுபடி இழுத்துப் பதிக்கும்போது அத்தளர்ச்சி நீங்கிவிட்டது.

1901-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கினார். குதிரை இழுக்கும் வண்டியில் ஏற்றப்பட்ட பெரிய பம்பு அது. வண்டி தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் சன்னல் வழியாக வீட்டுக்குள் செல்லும். சில ஆண்டுகளில் கையாலேயே தள்ளிச் செல்லும் சிறு மின்சாரக் கருவிகள் வந்தன. தூசியை அகற்றக் கம்பளத்தைப் பெயர்க்க வேண்டிய அவசியம் நீங்கியது. கம்பளம் ஒருமுறை பதித்தால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும் பொருளாயிற்று. அதன்பின், பதிக்கும் அன்று கொடுத்த இழுவிசைதான் அதன் ஆயுள் முழுவதும் தாங்க வேண்டும்.

ஆணிக்கும் மாற்று வந்தது. இன்று பயன்படுவது ஊசிப் பட்டை. ஏறத்தாழ ஓர் அங்குல அகலமுள்ள ஒட்டுப்பலகைக் கீற்றில் கூரிய சிறு ஊசிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை நேராக நில்லாமல் சுவரின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். இக்கீற்றைச் சுவரையொட்டித் தரையில் அடித்துவிட்டு, கம்பளத்தை இழுத்து ஊசிகளில் மாட்டினால் போதும். கம்பளம் அறையின் நடுவை நோக்கிச் சுருங்க முயலுந்தோறும், எதிர்ப்பக்கம் சாய்ந்த ஊசிகள் அதை இன்னும் இறுகப் பற்றும். ஆனால் கம்பளம் இறுக்கமாக உள்ளவரைதான் இப்பிடி வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

போர்வையிலிருந்து கம்பளம்

கம்பளத்தின் உடலமைப்பையே மாற்றிய புரட்சி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற சிற்றூரில் ஒரு சிறுமியின் கைவேலையாகத் தொடங்கியது. 1880-இல் பிறந்த காதரின் எவன்ஸ், பன்னிரண்டு வயதில் பழைய குஞ்சவேலைப் போர்வை ஒன்றைக் கண்டாள். துணியில் தடித்த நூலைக் கோத்து, வெளியே தெரியும் நூலை வெட்டி, குஞ்சம்போல் பரப்பிவிடும் வேலை அது. 1895-இல் தானே அதுபோல் ஒன்றைச் செய்து முடித்தாள். 1900-இல் ஒரு போர்வையை இரண்டரை டாலருக்கு விற்றாள். தேவை பெருகவே, சுற்றியுள்ள கிராமப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வேலையைப் பங்கிட்டாள். நெடுஞ்சாலை ஓரமெங்கும் கயிறுகளில் வண்ணப் போர்வைகள் தொங்கலாயின.

1930-களில் இவ்வேலைக்குத் தையல் இயந்திரங்களை மாற்றியமைத்தனர். ஓர் ஊசி பல ஊசிகளாயிற்று. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வரிசையில் ஏறி இறங்கும் 12 அடி அகல இயந்திரங்கள் வந்துவிட்டன. போர்வை செய்த ஊர் கம்பளம் செய்யத் தொடங்கியது. தறியைவிடப் பல மடங்கு விரைவாக இயந்திரம் வேலை செய்தது. நைலான் இழையும் அதே காலத்தில் கம்பளத்துக்கு வந்து சேரவே, விலை மளமளவென்று இறங்கியது. 1960-களில் நெய்த கம்பளத்தை இப்புதுக் கம்பளம் வெகுவாகப் பின்தள்ளிவிட்டது.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் அறிய வேண்டும். நெய்த கம்பளத்தில் மேலே தெரியும் இழையும் அடியிலுள்ள பாவும் ஊடும் ஒன்றோடொன்று பின்னி ஒரே துணியாக இருக்கும். குஞ்சக் கம்பளம் அடுக்குகளால் ஆனது. முதல் அடித்துணியில் ஊசி நூலைக் கோத்துச் செல்கிறது. அந்நூலைத் துணியில் பிடித்துவைப்பது எதுவுமில்லை. எனவே பின்புறம் முழுவதும், சுண்ணாம்புத் தூள் கலந்த செயற்கை ரப்பர் லேடெக்ஸ் பசையைப் பூசுவர். அதன்மேல் இரண்டாம் அடித்துணியை ஒட்டுவர். இழை, துணி, பசை, துணி என்னும் நான்கும் வெவ்வேறு பொருள்கள். ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

ஹூக்ளிக் கரையிலிருந்து வந்த சணல்

இக்கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தில் அந்த அடித்துணிகள் சணலால் ஆனவை. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ரா என்னுமிடத்தில் 1855-இல் முதல் சணல் ஆலை தோன்றியது. நூறாண்டுகளுக்குப் பின் அந்த ஆற்றங்கரை ஆலைகள், கோணித்துணியோடு கம்பள அடித்துணியையும் நெய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தன. 1960-களில் அது இந்தியச் சணல் தொழிலின் முக்கியச் சரக்காக விளங்கியது. டால்டனில் கம்பளம் பெருகப் பெருக, வங்காளத்து ஆலைத் தொழிலாளிக்கும் வேலை பெருகியது.

சணல் உறுதியானது, எளிதில் நீளாது. ஆனால் ஈரத்தை விரும்பி உறிஞ்சும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலேயே, தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 13 சதவிகிதம் நீரை ஏற்றுக்கொள்ளும். நனைந்த சணல் நூல் பருமனில் உப்பும். உப்பிய நூல்களைச் சுற்றி வளைந்து செல்ல ஒவ்வொரு நூலுக்கும் அதிக நீளம் தேவைப்படுவதால், துணி சுருங்கும். கழுவும்போது அளவுமீறி நனைந்த கம்பளம் சுருங்கி, ஊசிகளிலிருந்து கழன்று வருவதும் உண்டு.

இந்நிலையில் வேதியியல் குறுக்கிட்டது. 1954-இல் இத்தாலியின் மிலான் நகரில் நாட்டா என்ற விஞ்ஞானி, ஜெர்மானியரான சீக்லர் கண்ட வினையூக்கிகளின் வழியில், ஒழுங்கான அமைப்புள்ள பாலிபுரொப்பிலீனை ஆக்கினார். இருவரும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இப்பிளாஸ்டிக்கைப் பட்டையாக இழுத்து நெய்தால் கிடைக்கும் துணி ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை, பூசணமும் பிடிக்காது, விலையும் நிலையாக இருந்தது. 1960-களிலும் 1970-களிலும் அது சணலின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. வங்காள ஆலைகள் பெரிய சந்தையொன்றை இழந்தன.

ஆனால் புதிய துணியிலும் ஒரு குறை இருந்தது. பிளாஸ்டிக்கை நெடுநாள் இழுத்து வைத்தால், அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கி மெல்ல இடம் மாறும். இழுவிசை சிறிது சிறிதாகக் குறைந்துவிடும். பழைய ரப்பர் வளையம் தொய்ந்துபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்துடன், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாள்களில் லேடெக்ஸ் பசை இளகும். கம்பளம் முழுவதும் சற்று நீண்டு தளரும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் புழுக்கம் மிகுந்த கோடையில் தோன்றும் புடைப்பு, உலர்ந்த குளிர்காலத்தில் தானாகவே மறைவதற்கு இதுவே காரணம்.

ஒரு சதவிகிதச் சேமிப்பு

நீள்வதைத் தடுக்க முடியாது என்றால் என்ன செய்வது? முன்கூட்டியே இழுத்துவைக்க வேண்டும். 1969-இல் டால்டனில் நிறுவப்பட்ட கம்பளத் தொழிலின் பொது நிறுவனம், பதிக்கும் முறைக்கு விதிகளை வகுத்துள்ளது. அவற்றின்படி, குஞ்சக் கம்பளத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒன்று முதல் ஒன்றரை சதவிகிதம் வரை இழுத்து மாட்ட வேண்டும். 4 மீட்டர் அறையில் ஒரு சதவிகிதம் என்பது 4 சென்டிமீட்டர். இதை ஒரு சேமிப்பு என்று கருதலாம். ஈரத்தாலும் முதுமையாலும் கம்பளம் 3 சென்டிமீட்டர் நீண்டாலும், சேமிப்பில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் எஞ்சும். கம்பளம் இறுக்கமாகவே இருக்கும். சேமிப்பு முழுவதும் தீர்ந்தபிறகுதான் அமுக்கம் தொடங்கும். சேமிப்பே இல்லாமல் பதித்த கம்பளத்திலோ முதல் அரை சென்டிமீட்டரே இரண்டரை சென்டிமீட்டர் மேடாக எழுந்துவிடும்.

ரயில் பாதையிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. இன்று தண்டவாளங்களை இடைவெளியின்றி நெடுந்தூரம் பற்றவைத்துவிடுகிறார்கள். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கூடினால், ஒரு கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளம் தடையின்றி விடப்பட்டால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் வெயில் நாளில் பக்கவாட்டில் வளைந்துவிடும். ஆகவே குளிர்ந்த வேளையில் பதிக்கும்போது கருவிகளால் இழுத்தோ சூடாக்கியோ நீட்டியபின் பற்றவைக்கிறார்கள். தண்டவாளத்துக்கு வெப்பம் எப்படியோ, கம்பளத்துக்கு ஈரமும் காலமும் அப்படி.

இழுப்பது யார்?

கம்பளத்தை ஒரு சதவிகிதம் நீட்டுவது எளிதன்று. கையால் இழுத்தால் போதாது. இதற்கு இரண்டு கருவிகள் உள்ளன.

முதலாவது, முழங்கால் உதைப்பான். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள சிறு கருவி. அதன் முன்முனையில் கம்பளத்தைக் கவ்வும் ஊசிகள். பின்முனையில் ஒரு மெத்தை. தொழிலாளி மண்டியிட்டு, முன்முனையைக் கம்பளத்தில் அழுத்திக்கொண்டு, தன் முழங்காலுக்குச் சற்று மேலே உள்ள பகுதியால் மெத்தையை ஓங்கி இடிப்பார். ஒவ்வோர் இடிக்கும் கம்பளம் சிறிது முன்னே நகர்ந்து ஊசிப் பட்டையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, நெம்பு இழுப்பான். அமெரிக்கத் தொழிலாளர் இதைப் பவர் ஸ்ட்ரெச்சர் என்பர். பெயரில் பவர் இருப்பினும், இதில் மின்சாரம் இல்லை. ஒன்றனுள் ஒன்று செருகும் நீண்ட குழாய்கள் அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்ப்பக்கம்வரை நீளும். பின்முனை எதிர்ச் சுவரில் முட்டுக் கொடுத்து நிற்கும். முன்முனையிலுள்ள ஊசித்தலை கம்பளத்தைக் கவ்வும். ஒரு நெம்புகோலைக் கீழே அழுத்தினால் தலை முன்னே செல்லும். நெம்புகோலின் விகிதம் பத்து என்று கொள்வோம். கை 200 நியூட்டன் கொடுத்தால் தலை 2000 நியூட்டன் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எழும் எதிர்விசையைச் சுவர் தாங்கிக்கொள்கிறது.

உதைப்பானில் அந்த எதிர்விசையைத் தாங்குவது எது? முழங்கால்தான். 1980-களில் ஆய்வாளர்கள் அந்த இடியை அளந்தபோது, உச்ச விசை சராசரியாகச் சுமார் 3000 நியூட்டன் என்று தெரிந்தது. இது தொழிலாளியின் உடல் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இதை நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். இடையிடையே கடினமான தரையில் மண்டியிட்டே நகர வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள திரவப் பைகள் வீங்கும், நீர் கோக்கும், நாளடைவில் நடப்பதே சிரமமாகும்.

தொழில்வழிப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க தேசிய நிறுவனம், 1990-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்நாட்டுத் தொழிலாளர்களில் கம்பளம் பதிப்போர் 0.06 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆனால் முழங்கால் பாதிப்புக்காக நஷ்டஈடு கோரிய மனுக்களில் 6.2 சதவிகிதம் அவர்களுடையவை. அதாவது, அவர்களது எண்ணிக்கையை வைத்து எதிர்பார்ப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! கூடுமானவரை உதைப்பானை விட்டு நெம்பு இழுப்பானைப் பயன்படுத்துமாறும், மண்டியிடும்போது முழங்கால் மெத்தை அணியுமாறும் அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

பின் ஏன் உதைப்பான் இன்னும் மறையவில்லை? அது இலேசானது, மலிவானது, விரைவானது. நெம்பு இழுப்பானை ஒவ்வோர் அறையிலும் பூட்டிக் கழற்ற நேரமாகும். பதித்த பரப்புக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளிக்கு நேரமே பணம். படிக்கட்டிலும் சிறு அலமாரி அறையிலும் உதைப்பான் தேவைதான். ஆனால் பெரிய அறை முழுவதையும் அதனாலேயே முடித்துவிடும்போது இரண்டு தீங்குகள் நேர்கின்றன. கண நேர இடியால் கம்பளம் வேண்டிய அளவு நீளாது. ஆகவே பின்னாளில் புடைக்கும். அந்தப் போதாத வேலைக்கே தொழிலாளியின் முழங்கால் விலையாகும்.

புடைப்பை நீக்குவது எப்படி?

இனி, புடைத்த கம்பளத்துக்கு வருவோம். முதலில் அவசரப்படக் கூடாது. மழைக்காலத்தில் தோன்றியதா, நீர்விட்டுக் கழுவியபின் தோன்றியதா என்று பாருங்கள். அப்படியானால் அறையை உலரவிட்டுச் சில நாள் பொறுத்தாலே அது அடங்கக் கூடும். பருவந்தோறும் வந்துபோகும் புடைப்புக்கு, காற்றிலுள்ள ஈரத்தைக் கட்டுப்படுத்துவதும் மருந்து.

அடுத்து, புடைத்த இடத்தைக் கையால் பிடித்துப் பாருங்கள். இரண்டாம் அடித்துணி முதல் துணியிலிருந்து பிரிந்து தனியே நழுவுகிறதா? பசை விட்டுவிட்டது என்று பொருள். இழுப்பதால் இது சரியாகாது. அந்தப் பகுதியையோ கம்பளத்தையோ மாற்ற வேண்டியதுதான். அடியிலுள்ள மெத்தை அளவுக்கு மீறித் தடித்தும் மென்மையாகவும் இருந்தாலும், கால் வைக்குந்தோறும் கம்பளம் அமிழ்ந்து நீண்டு மீண்டும் புடைக்கும். வீட்டு அறைக்கு 11 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மெத்தை ஆகாது என்பது விதி. கனமான மேசை நாற்காலிகளைத் தரையோடு இழுப்பதும் கம்பளத்தை ஒரு பக்கம் தள்ளிச் சேர்த்துவிடும்.

சிலர் புடைப்பைக் காலால் மிதித்துச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுவர். அது நகரும், ஆனால் அழியாது. விரித்த கம்பளம் முழுவதையும் ஒரே மூச்சில் இழுப்பது கடினம். ஒரு மடிப்பை மட்டும் தள்ளிச் செல்வதோ எளிது. படிகங்களில் அணுவரிசைகள் வழுக்குவதும் இப்படித்தான் என்று 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். உலோகம் ஏன் எளிதில் வளைகிறது என்பதை விளக்கப் பாடநூல்கள் இன்றும் கம்பள மடிப்பையே உவமையாகக் கூறுகின்றன. கட்டற்ற விரிப்பில் அம்மடிப்பு ஓரத்தை அடைந்ததும் வெளியேறிவிடும். ஓரம் கட்டிய கம்பளத்தில் அதற்கு வெளியேற வழியில்லை. அந்த வழியைத் திறந்துவிடுவதே சிகிச்சை.

முறை வருமாறு. அறையை வெறுமையாக்க வேண்டும். பதிக்கும் விதிகளின்படி வெப்பம் 18 முதல் 35 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சுவர்களின் ஓரம் கம்பளத்தை ஊசிகளிலிருந்து கழற்ற வேண்டும். மற்ற இரண்டு ஓரங்களும் பிடிப்பில் இருக்கட்டும். நெம்பு இழுப்பானின் பின்முனையை எதிர்ச் சுவரின் அடிப்பகுதியில், விசை பரவும்படி ஒரு நீண்ட பலகையை இடையில் கொடுத்து நிறுத்த வேண்டும். தலையைக் கழற்றிய ஓரத்துக்குச் சற்று முன்னே வைத்து நெம்பினால் கம்பளம் நீளும். நீட்டிய நிலையிலேயே ஊசிகளில் அழுத்தி மாட்டிவிட்டு, சுவரோரமாக அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரு திசை முடிந்ததும் அதற்குக் குறுக்குத் திசையில் இழுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஓரத்தை வெட்டி, சுவருக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள சந்தில் செருக வேண்டும்.

எங்கே நிறுத்துவது? புடைப்பு கண்ணுக்கு மறைந்தவுடன் நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. அந்நிலையில் கம்பளத்தில் அமுக்கம் நீங்கியிருக்கிறது. சேமிப்பு எதுவும் சேரவில்லை. அடுத்த மழைக்காலத்திலேயே புடைப்பு திரும்பும். மறைந்த நிலையிலிருந்து மேலும் ஒரு சதவிகிதம் நீட்ட வேண்டும். வெட்டி எறியும் ஓரத்தை அளந்து பார்த்தால், வேலை சரியாக நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே, உங்களில் எவரேனும் பணி நிமித்தம் அந்நாடுகளில் வாழ நேர்ந்து, வீட்டில் கம்பளம் பதிக்க ஆள் வந்தால், அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நெம்பு இழுப்பான் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையெனில் மறுநாள் அதை எடுத்து வரச் சொல்லி, அதற்காகும் கூடுதல் நேரத்துக்குரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள். தொகை பெரிதாக இராது. உங்கள் தரையும் சமமாக இருக்கும். வேலை முடித்து எழுந்து போகிறவரும் நொண்டாமல் நடந்து போவார்.